காயத்தின் விலையும் விலகும் உரிமையும்

சில மாதங்களுக்கு முன் எனது மாணவன் ஒருவனின் தந்தையார் பாடசாலைக்கு என்னைத் தேடி வந்தார். மரக்காலையொன்றிலே வேலை செய்தவர். அரியும் வாளிலே வலக்கையின் இரண்டு விரல்களை இழந்தவர். காயம் ஆறிய பின் முதலாளி அவரை வீதியில் விட்டுவிடவில்லை. வாயிற்கதவடியில் ஒரு கதிரை கொடுத்து, வந்துபோகும் லொறிகளின் இலக்கங்களைக் குறிக்கும் வேலையில் இருத்தியிருந்தார். சம்பளம் முன்னையதிலும் குறைவு. நட்டஈட்டுக்கான விண்ணப்பம் ஒருபுறம் நடந்துகொண்டிருந்தது. மைத்துனரின் கடையிலே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டுமென்பது அவருடைய விருப்பம். ஆனால் மரக்காலைக் கணக்கப்பிள்ளை ஒரு சொல்லைச் சொல்லி அவரைக் கலக்கிவிட்டார். "இப்ப நான் வேலையை விட்டால் அந்தக் காசும் போயிடுமோ, மாஸ்டர்?" என்று கேட்டார்.

தமிழ் படித்துத் தமிழ் கற்பித்துக் காலங்கழிக்கும் எனக்கு அதற்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. சட்டப் புத்தகங்களைத் தேடிப் படிக்கலானேன். விடை விரைவிலே கிடைத்தது. ஆயினும் புத்தகங்களை மூட மனம் வரவில்லை. அந்த மனிதரின் கேள்வி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொழிலாளர் வர்க்கம் கேட்டுவந்த கேள்வி என்பதை அப்பக்கங்களிலே கண்டேன். வேலைத்தலத்தில் உடல் சிதைந்தவனுக்குக் கொடுக்கப்படும் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? சிதைந்த உடலுக்காகவா? அல்லது அவன் அதே முதலாளியின் வாயிலிலே தொடர்ந்து இருப்பதற்காகவா? முதலாவதாயின் அவன் எங்கே சென்றாலும் பணம் அவனுடையது. இரண்டாவதாயின் அது நட்டஈடு என்ற பெயரிலே இடப்பட்ட ஒரு கால்விலங்கு. இந்த இரண்டு கருத்துக்களுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமே நட்டஈட்டுச் சட்டத்தின் வரலாறு என்று நான் கருதுகிறேன். அவ்வரலாறு பெரும்பாலும் இங்கிலாந்திலே நிகழ்ந்தது. நமது நாட்டுச் சட்டமும் அவ்வழி வந்ததே.

கதை ஓர் இறைச்சி வணிகனின் வண்டியிலே தொடங்குகிறது. 1835ஆம் ஆண்டிலே தோமஸ் பௌலர் என்பவரிடம் சார்ள்ஸ் பிரீஸ்ற்லி என்னும் இளைஞன் பணிபுரிந்தான். அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டியொன்று உடைந்து வீழ்ந்தது. அதிற் சென்ற இளைஞனின் தொடையெலும்பு முறிந்தது. லிங்கன் நகரிலே வழக்கைக் கேட்ட ஜூரிமார் அவனுக்கு நூறு பவுண் கொடுக்க வேண்டுமெனக் கண்டனர். மேல்மன்றிலே 1837இல் ஏபிங்கர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். வண்டியின் நிலையைப் பற்றி எசமானன் அறிந்த அளவு பணியாளனும் அறிந்திருக்கக் கூடும். ஆபத்தென்று கண்டால் அவன் அவ்வேலையைச் செய்ய மறுத்திருக்கலாம். மறுக்காமற் சென்றபின் எசமானனைக் குற்றஞ் சொல்வதெங்ஙனம் என்பது அவர் காட்டிய நியாயத்தின் சாரம்.

இந்த நியாயம் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து சென்றது. 1842இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலப் பிரதம நீதியரசர் லெமுவேல் ஷோ, புகையிரத எஞ்சின் சாரதியாகிய பார்வெல் என்பவரின் வழக்கிலே இதனை விரித்துரைத்தார். இன்னொரு தொழிலாளியின் தவறினால் வண்டி தடம்புரண்டு பார்வெல் தமது வலக்கையை இழந்திருந்தார். அவர் பெற்ற சம்பளம் நாளொன்றுக்கு இரண்டு டொலர். ஆபத்தான வேலைக்குச் சம்பளம் கூட; அக்கூடுதலிலேயே ஆபத்தின் விலையும் அடங்கிவிட்டது; எனவே கைக்கென்று தனியே கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது தீர்ப்பு. கை போகுமுன்னரே கையின் விலை கொடுத்துத் தீர்க்கப்பட்டுவிட்டதாம்.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆபத்தைக் கண்டால் விலகிப் போயிருக்கலாமே என்று நீதிமன்றம் கூறிய அதே காலத்திலே, இங்கிலாந்திலே தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டு விலகுவது குற்றமாக இருந்தது. எசமானர் பணியாளர் சட்டங்கள் என வழங்கப்பட்டவற்றின் கீழ், ஒப்பந்த காலம் முடியுமுன் வேலையைக் கைவிட்டுச் சென்றவனை நீதவான் மூன்று மாதம்வரை சிறையிலிடலாம். ஒப்பந்தத்தை மீறிய எசமானனோ பணம் கொடுத்துத் தப்பிக்கொள்ளலாம். 1858 முதல் 1875 வரையுள்ள காலத்திலே இச்சட்டங்களின் கீழ் ஆண்டொன்றுக்கு ஏறக்குறையப் பதினாயிரம் வழக்குகள் தொடரப்பட்டன. சுரங்கத்தின் கூரை சரியப் போகிறதென்று அஞ்சி விலகியவன் நீதவான் முன் நிற்க நேரும். அஞ்சாமல் நின்று கூரையின்கீழ் நசுங்கியவனின் மனைவி நட்டஈடு கேட்டுச் சென்றால், உன் கணவன் விலகியிருக்கலாமே என்பார்கள். ஒரே சமூகத்தின் சட்டம் ஒரே மனிதனைப் பார்த்து இரண்டையும் கூறிற்று. விலகும் சுதந்திரம் அவனுக்கு எதிராகப் பேச வேண்டிய வேளையில் மட்டும் அவனிடம் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. தொழிற்சங்கங்களின் நெடிய கிளர்ச்சியின் பின், 1875இலேதான் அக்குற்றவியற் சட்டங்கள் நீக்கப்பட்டன.

ஆபத்தை அறிந்தும் வேலையில் நிற்பவன் அதற்குச் சம்மதிக்கிறான் என்ற கொள்கை மேலும் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தது. அதனை வீழ்த்தியவர் ஸ்மித் என்னும் கூலித்தொழிலாளி. புகையிரதப் பாதைக்காகப் பாறை துளைக்கும் வேலை அவருக்கு. அவர் தலைக்குமேலே பாரந்தூக்கி கற்களைச் சுமந்து அப்பாலும் இப்பாலும் ஊசலாடிக்கொண்டிருக்கும். ஒருநாள் கல்லொன்று விழுந்தது. ஆபத்தென்று தெரிந்தும் ஏன் அங்கே நின்றாய் என்று கேட்ட முதலாளிகளுக்கு 1891இல் பிரபுக்கள் சபை விடை கூறிற்று. வேலையிலே தொடர்ந்து நிற்பது ஒன்றினால் மட்டும் ஒருவன் தன் உடலுக்கு வரும் கேட்டுக்குச் சம்மதித்தவனாகான் என அச்சபை தீர்த்தது. வயிற்றுப்பாட்டின் பொருட்டு நிற்பதற்கும் மனமொப்பி நிற்பதற்கும் வேற்றுமை உண்டென்பதை, தேசத்தின் அதியுயர்ந்த நீதிபீடம் கண்டுகொள்வதற்கு ஐம்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன. சுரங்கத் தொழிலாளியின் மனைவி எவளைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்திற் சொல்லியிருப்பாள்.

இதற்கிடையில் ஜேர்மனி வேறொரு வழியை மேற்கொண்டது. 1878இல் சமூக ஜனநாயகவாதிகளை ஒடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்த பிஸ்மார்க், தொழிலாளரை அவ்வியக்கத்தினின்றும் பிரித்தெடுக்கும் நோக்குடன் 1884 ஜூலை 6ஆம் தேதிய விபத்துக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அவருடைய நோக்கம் நமக்கு உவப்பானதல்ல. முதற் பதின்மூன்று வாரச் செலவை நோய்க்காப்பு நிதியின் தலையிலே கட்டிவிட்டமையும், அந்நிதிக்குரிய சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளரே செலுத்தினர் என்பதும் மறக்கத்தக்கனவல்ல. எனினும் அச்சட்டத்தின் அமைப்பிலே ஒரு சிறப்பு உண்டு. பதின்மூன்று வாரத்தின் பின் பணங்கொடுத்தது தனி முதலாளியல்ல. ஒரு தொழிற்றுறையைச் சேர்ந்த முதலாளிகள் எல்லாரையும் கட்டாயமாக உள்ளடக்கிய சங்கமே. முற்றாக உழைக்க முடியாதவனுக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஏனையோருக்கு இழந்த உழைப்புத் திறனின் வீதப்படி. ஆதலால் கை இழந்த உருக்காலைத் தொழிலாளி நாளைக்கு வேறூருக்குப் போனாலும் அவனுடைய ஓய்வூதியம் அவனைப் பின்தொடர்ந்தது. அதே நாட்டிலே குறுப் போன்ற பெருமுதலாளிகள் தம் விருப்பிற்கு ஏற்படுத்திய ஓய்வூதிய நிதிகளிலோ, வேலையை விட்டுச் சென்றவன் தான் கட்டிய பணத்தையும் இழந்தான். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால், முதலாளியின் கொடைக்கும் சட்டத்தின் உரிமைக்கும் உள்ள தூரம் நன்கு விளங்கும்.

இங்கிலாந்திலே 1880ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் பொறுப்பை ஓரளவு விரித்தது. ஆனால் இரண்டாண்டு கழியுமுன்னரே, டட்லி பிரபுவின் சுரங்கத்தில் மாண்ட தொழிலாளி ஒருவரின் வழக்கில், அச்சட்டத்தின் பயனைத் தொழிலாளி ஒப்பந்தத்தாலே முன்கூட்டிக் கைவிட்டுவிடலாம் என நீதிமன்றம் கண்டது. இனிக் கேட்பானேன்? கையெழுத்திட்டால் வேலை, இல்லையேல் வேலையில்லை. 1897இல் யோசேப்பு சேம்பர்லெயினின் முயற்சியால் நிறைவேறிய தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்த வாயிலைக் குறுக்கிற்று. கம்பனியின் நட்டஈட்டுத் திட்டம் சட்டத்திற்குக் குறையாத பயன் தருவதாக அரசாங்கப் பதிவாளர் சான்று கூறினாலன்றி அது செல்லாது. திட்டத்திற் சேர்வதை வேலைக்கு நிபந்தனையாக்கவும் கூடாது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்று, சேர்ந்தவன் விரும்பினால் விலகிக்கொள்ளவும் திட்டத்திலே வழி இருக்க வேண்டுமென்றது.

இந்த 1897ஆம் ஆண்டுச் சட்டமே நமது விடயத்திற்கு நடுநாயகமானது. 1898 ஜூலை முதலாந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. யாருடைய தவறு என்ற ஆராய்ச்சியை அது ஒதுக்கிற்று. வேலையினால், வேலையின்போது காயம் ஏற்பட்டால் முதலாளி கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தின் பின்னர், சராசரி வாரச் சம்பளத்தின் பாதி. ஆயினும் வாரத்துக்கு ஒரு பவுணுக்கு மேற்படாது. இறந்தால் குடும்பத்துக்கு மூன்றாண்டுச் சம்பளம். 150 பவுணுக்குக் குறையாமலும் 300 பவுணுக்கு மேற்படாமலும். தொடக்கத்திலே புகையிரதம், தொழிற்சாலை, சுரங்கம், கற்குழி முதலிய சில துறைகளுக்கே அது உரியதாயிருந்தது. 1906இன் சட்டம் கப்பலோட்டிகளையும் வீட்டுப் பணியாளரையும் சேர்த்து ஏறக்குறைய எல்லா உழைப்பாளருக்கும் அதனை விரித்தது. ஈயநஞ்சு போன்ற தொழில்நோய்கள் சிலவற்றையும் உட்படுத்திற்று.

இவையெல்லாம் மெய்யான வெற்றிகள். இருந்தும் கொடுப்பவன் அதே தனி முதலாளி. பெறுபவன் அவனுடைய பழைய வேலைக்காரன். வாரந்தோறும் நட்டஈட்டை வாங்கச் சென்றவன், தன்னை வேலைக்கு வைப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் அதே அலுவலகத்தின் யன்னலிலே நின்றான். பெரும்பாலான முதலாளிகள் காப்புறுதிக் கம்பனிகளிடம் தம் பொறுப்பை ஒப்படைத்திருந்தமையால், அந்த யன்னலுக்குப் பின்னால் முகந்தெரியாத இன்னொருவனும் இருந்தான். கொடுக்கும் தொகையைக் குறைப்பது அவனுடைய தொழில்.

பாதி உழைக்கத் தக்கவனுக்கு என்ன கொடுப்பது என்ற இடத்திலேதான் கால்விலங்கு மாட்டப்பட்டது. விபத்துக்கு முன் அவன் உழைத்ததற்கும், விபத்தின்பின் உழைக்கின்ற அல்லது உழைக்கக்கூடிய தொகைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு மேற்படாமற் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறிற்று. உழைக்கக்கூடிய என்ற அந்த ஒரு சொல்லிலே எத்தனை ஆயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். முதலாளி தந்திரமாக ஒன்று செய்வார். முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளிக்கு நிலத்தின்மேலே விளக்குகளைத் துடைத்து அடுக்கும் வேலையோ, நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலையோ கொடுப்பதாகக் கூறுவார். இலகு வேலை என்று அதற்குப் பெயர். தொழிலாளி ஏற்றுக்கொண்டால் நட்டஈடு குறையும். தகுந்த காரணமின்றி மறுத்தாலும், ஏற்றுப் பின்னர் விட்டுச் சென்றாலும், அந்தச் சம்பளத்தை அவன் உழைக்கக்கூடியவன் என்று கொண்டு நட்டஈட்டைக் குறைக்கும்படி முதலாளி வாதாடுவார். இருபது ஆண்டு நிலக்கரி வெட்டியவன், சிறுவரும் முதியோரும் செய்யும் வேலையிலே அமர்ந்து, தன் கீழ் வேலை பழகியவர்கள் கடந்து செல்வதைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து போனால் அவன் தானாகவே வருமானத்தை உதறியவனாவான்.

எல்லா இலகு வேலையும் சூழ்ச்சியென்று நான் கூறவில்லை. வேலையின்றி வீட்டிலிருந்து மனமுடைந்தவர்களுக்கு அது உயிர் கொடுத்ததும் உண்டு. மரக்காலை முதலாளியும் இரக்கமுள்ளவராகவே இருக்கலாம். விலக முடியாதவனுக்குக் காட்டப்படும் இரக்கத்தை அளந்தறிவது கடினம் என்பதே என் ஐயம்.

நீதிபதிகளிற் சிலர் இந்தச் சிக்கலை உணர்ந்தனர். 1911இலே கார்டிவ் நகரசபைக்கும் ஹோல் என்னும் தொழிலாளிக்கும் இடையிலான வழக்கில் நீதியரசர் பிளெச்சர் மோல்ற்றன், காயமுற்றவனின் உழைப்பு சந்தையிலே வழக்கமான சரக்குகளோடு சேராத உதிரிச் சரக்காகிவிடலாம் என்றார். அவ்வாறாயின், அவனாற் செய்யக்கூடிய விசேட வேலை உண்மையிலே கிடைக்கும் என்பதைக் காட்டும் பொறுப்பு முதலாளியுடையது என அவர் விளக்கினார். மனிதனின் உழைப்பைச் சரக்கென்று பேசுவது நம் செவிக்கு நாராசமாயிருக்கிறது. ஆயினும் முதலாளித்துவச் சந்தையிலே அது சரக்காகவே உள்ளது என்பதை நீதிபதியின் வாய்மொழி ஒளிக்காமற் கூறிவிட்டது.

அடுத்த ஆண்டிலே பிரபுக்கள் சபையின் முன் வந்த போல் என்பவரின் கதை இன்னும் விசித்திரமானது. அவருக்கு ஒரு கண் முன்னரே பார்வையற்றிருந்தது. வெளிப்பார்வைக்குத் தெரியாதபடியால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. விபத்திலே அக்குருட்டுக் கண் காயமுற்று அகற்றப்பட்டது. வேலை செய்யும் ஆற்றலிலே ஒன்றும் குறையவில்லை. முன்பும் ஒரு கண்ணாலேயே பார்த்தார், பின்பும் ஒரு கண்ணாலேயே பார்த்தார். ஆனால் இப்போது குறை எல்லாருக்கும் தெரிந்தது. ஒற்றைக் கண்ணனுக்கு எவரும் வேலை கொடுத்தாரல்லர். அவர் இழந்தது யாது? வேலை செய்யும் வலு அப்படியே இருக்கிறதென்று முதலாளி வாதித்தார். உடலிலுள்ள குறையினால், அணுகக்கூடிய எந்தச் சந்தையிலும் உழைப்பை விற்க முடியாமற் போவதும் வேலை செய்ய இயலாமையே என்று லோர்பேர்ண் பிரபு முதலியோர் தீர்த்தனர். பழைய முதலாளியின் வாயிலுக்கு வெளியே காயமுற்றவனுக்கு என்ன காத்திருக்கிறது என்பதைச் சட்டம் எட்டிப் பார்த்த சந்தர்ப்பங்களில் இது முக்கியமானது.

சுரங்கங்களிலே இக்கேள்வி தனி மனிதர்களின் கதையாக நில்லாமல் ஊர்களின் கதையாயிற்று. காப்பு விளக்கின் மங்கலொளியில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தோரின் கண்மணிகள் நில்லாது துடிக்கும் நோயொன்று உண்டு. 1907 முதல் அது நட்டஈட்டுக்குரிய நோய்களுள் ஒன்றாயிற்று. நிலத்தின்மேல் வெளிச்சத்திலே வந்து நின்றால் நோய் தணியும். மீண்டும் கீழே இறங்கினால் திரும்பும். அவ்வாறு மேலே வந்தவர்களுக்கு இலகு வேலையே கதி. 1920களிலும் 1930களிலும் தென் வேல்ஸிலே சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது அந்த இலகு வேலையும் போயிற்று. அப்போது புதியதோர் வாதம் எழுந்தது: இவன் வேலையின்றி இருப்பது காயத்தினாலன்று, நாட்டின் பொருளாதார மந்தத்தினால், மந்தத்திற்கு நாம் பொறுப்பல்லோம். முழுவுடலோடிருப்பவனையே எடுக்க ஆளில்லாத சந்தையிலே, துடிக்கும் கண்ணுடையவன் உழைக்கக்கூடியவனாகவே கணக்கிடப்பட்டான். 1923இலும் 1931இலும் வந்த திருத்தச் சட்டங்கள், வேலை தேடியும் காயத்தின் காரணமாகக் கிடைக்கப்பெறாதவனை முழு இயலாமையுடையவனாகக் கொள்ள ஓரளவு இடமளித்தன. காயத்தின் காரணமாகவே கிடைக்கவில்லை என்பதை நிறுவுவது எத்துணைக் கடினமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் கிளைகளுக்கு நட்டஈட்டு வழக்குகள் ஓயாத வேலையாய் இருந்தன. சட்டம் படியாத தொழிலாளர்கள் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் மனனஞ் செய்து வைத்தியரோடும் வழக்கறிஞரோடும் வாதாடினர்.

விலக விரும்பியவனுக்கு ஒரு கதவு இருந்தது. ஆறுமாதம் வாரப்பணம் கொடுத்த பின்னர், முதலாளி ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துத் தன் பொறுப்பைத் தீர்த்துக்கொள்ளலாம். இருதரப்பும் உடன்பட்டும் தீர்த்துக்கொள்ளலாம். கடன்பட்டவன், ஊரைவிட்டுப் போக எண்ணியவன், ஒரு சிறு கடையாவது வைத்துப் பிழைப்போமென்று கனவு கண்டவன் எல்லாரும் இக்கதவைத் தட்டினர். தட்டுபவனின் அவசரத்தைக் காப்புறுதிக் கம்பனியின் முகவர் அறிவார். எவ்வளவுக்கு அவன் போக விரும்பினானோ அவ்வளவுக்குத் தொகை குறைந்தது. தன் காயத்தின் விலையிலே ஒரு பகுதியைக் கொடுத்தே தொழிலாளி தன் விடுதலையை வாங்கினான். போதாத தொகையைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் 1906 முதல் நீதிமன்றப் பதிவாளருக்கு இருந்தது. அது சில அநீதிகளைத் தடுத்தது, பேரத்தையே தடுக்கவில்லை. சேர் ஆனல்ட் வில்சனும் ஹேர்மன் லெவியும் 1939இலும் 1941இலும் இரு பாகங்களாக வெளியிட்ட நூல் இம்முறையை நுணுகி ஆராய்ந்து கண்டித்தது. 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையும் மொத்தத் தொகைப் பேரத்தையும், ஒவ்வொரு காயத்தையும் வழக்காக்கிய அமைப்பையும் குறைகூறிற்று.

நாட்டைவிட்டே போக எண்ணியவனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலே ஒரு விதி இருந்தது. வாரப்பணம் பெறுபவன் ஐக்கிய இராச்சியத்தில் வசிப்பதை விட்டால் பணம் நின்றுவிடும்; இயலாமை நிரந்தரமாயிருக்கக் கூடும் என்று மருத்துவ நடுவர் சான்று கொடுத்தால் மட்டுமே தொடரும். கனடாவிலுள்ள தமையனிடம் போய்ச் சேர விரும்பிய நொண்டித் தொழிலாளி, தன் கால் இனித் தேறாது என்ற சான்றிதழைக் கையிலே கொண்டு கப்பலேற வேண்டும். தேறக்கூடும் என்று வைத்தியர் எழுதினால் அந்த நல்ல செய்தியே அவனுக்குப் பேரிடி.

இரண்டாம் உலகப்போரின் பின் ஆட்சிக்கு வந்த தொழிற் கட்சி அரசாங்கம் இக்கட்டினை அறுத்தது. அதனை நிறைவேற்றிய தேசிய காப்புறுதி அமைச்சர் ஜேம்ஸ் கிரிபித்ஸ் தாமே ஒருகாலத்தில் வேல்ஸ் சுரங்கத்திற் கரி வெட்டியவர். 1946ஆம் ஆண்டுக் கைத்தொழிற் காயங்கள் சட்டம் 1948 ஜூலை 5ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தனி முதலாளியின் பொறுப்பு நீங்கி, முதலாளியும் தொழிலாளியும் அரசும் சந்தா செலுத்தும் பொது நிதி அவ்விடத்தைப் பெற்றது. அதைவிடப் பெரிய மாற்றம் கணக்கிடும் முறையிலே நிகழ்ந்தது. இவன் எவ்வளவு உழைக்கக்கூடும் என்ற கேள்வி அடிப்படையாக இருக்கவில்லை. உடலிலே எந்தச் செயல் இழக்கப்பட்டது, அது நூற்றுக்கு எத்தனை என்பதே அளவையாயிற்று. இரு கைகளையும் இழந்தவன் நூற்றுக்கு நூறு. அவனுக்கு வாரம் 45 ஷிலிங். பழைய வேலையில் இருந்தாலும், விட்டாலும், வேறிடத்திலே முன்னையிலும் கூடுதலாகச் சம்பாதித்தாலும் ஓய்வூதியம் அவனுடையதே. தன் வழக்கமான தொழிலுக்குத் திரும்ப முடியாதவனுக்குத் தனியாக ஒரு மேலதிகப் படியும் உண்டு. ஜூலை 5ஆம் தேதிக்கு முன் காயமுற்றவர்களோ பழைய சட்டத்தின் கீழேயே விடப்பட்டனர். ஒரே சுரங்கத்தில், சில நாள் இடைவெளியில், ஒரே வகையாகக் கால் முறிந்த இருவரில் ஒருவன் விரும்பிய இடத்துக்குப் போகக்கூடியவனாகவும் மற்றவன் இலகு வேலையை எண்ணி அஞ்சுபவனாகவும் இருந்தனர்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பிரித்தானியச் சட்டத்தைப் பின்பற்றியதெனினும் ஒரு வகையில் வேறுபட்டது. நிரந்தரக் காயத்துக்கு வாரப்பணம் கொடாமல், அட்டவணைப்படி ஒரே தொகையைக் கொடுக்கும்படி விதித்தது. ஒரு கண் நூற்றுக்கு 30, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10 என்று உடல் பங்கிடப்பட்டது. படிக்கும்போது இறைச்சிக் கடையின் விலைப்பட்டியல் போலத் தோன்றுகிறது. ஆயினும் விரலுக்குரிய பணத்தை விரலோடு கட்டிவிட்டமை ஒருவகையில் நன்மையே. தற்காலிக இயலாமைக்கு மட்டும் அரைமாதத்துக்கொருமுறை பணம். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவிலே நம் விடயத்தைத் தொடும் ஒரு வாசகம் இருந்தது. முதலாளி செய்விக்கும் இலவச மருத்துவ பரிசோதனைக்கு உட்படுமுன், வேலைத்தலத்தின் சுற்றுப்புறத்தைத் தானாகவே விட்டுச் சென்ற தொழிலாளியின் உரிமை, அவன் திரும்பி வந்து பரிசோதனைக்கு உட்படும்வரை நிறுத்திவைக்கப்படும். காயம்பட்டவன் முதலிலே நாடுவது சொந்தக் கிராமத்தையும் தாயின் கையையும் என்பதை எண்ணிப் பார்த்தால், இச்சிறு விதியின் பாரம் புலப்படும்.

இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது. அதற்கு முன்னிருந்த நிலை யாவரும் அறிந்ததே. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுச் சென்றவன் சிறைக்குப் போக நேர்ந்தது. மலைநாட்டிலே துண்டு முறை வேறு. கடன் தீர்ந்தால் இவனை விடுவிப்பேன் என்று துரை எழுதிய துண்டு கையில் இல்லாதவனை இன்னொரு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. 1921இலேதான் அத்துண்டு ஒழிந்தது. ஆதலால் நமது நாட்டிலே விலகும் உரிமைக்கும் நட்டஈட்டு உரிமைக்கும் வயதிலே அதிக வேற்றுமை இல்லை, பதின்மூன்று ஆண்டுகளே. தோட்டத் தொழிலாளியைப் பொறுத்தவரை இரண்டும் அரைகுறையாகவே வந்தன. வேலையை விட்டவன் லயன் அறையையும் விட வேண்டும். நட்டஈட்டுச் சட்டம் கைக்கும் காலுக்கும் விலை குறித்தது. குடியிருக்கும் அறையைப் பற்றி அது பேசவில்லை. கைமுறிந்தவன் பெற்ற தொகையைக் கொண்டு வேறெங்கேனும் போயிருக்கலாமே என்று கூறுபவர், ஏபிங்கர் பிரபு வண்டிக்காரப் பையனுக்குச் சொன்னதையே சொல்கிறார்.

இலங்கைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டுத் தொகைகள் உயர்ந்திருக்கின்றன. 2022இலும் ஒரு திருத்தம் வந்தது. எனினும் பொறுப்பு இன்னும் தனி முதலாளியிடமே உள்ளது. 1948இலே பிரித்தானியா கைவிட்ட அமைப்பை, அதே ஆண்டிலே சுதந்திரம் பெற்ற நாம் வைத்துக்கொண்டோம்.

மாணவனின் தந்தையாருக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான்: இரண்டு விரல்களும் போன அன்றே உரிமை பிறந்துவிட்டது, கதிரையை விட்டு எழுந்தாலும் அது போகாது, பரிசோதனைக்கு அழைத்தால் மட்டும் தவறாமற் செல்ல வேண்டும். அவருக்கு அதனை விளக்கி, நட்டஈட்டு ஆணையாளருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இடக்கையாலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சென்ற கிழமை அவ்வழியே சைக்கிளிற் போகும்போது பார்த்தேன்; வாயிற்கதவடியில் இன்னும் அதே கதிரையில் இருந்து லொறி இலக்கங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். "காசு கைக்கு வரட்டும் மாஸ்டர், பிறகு பாப்பம்" என்றார்.